ஒலிப் பட்டறை: நாலு லட்சத்துக்கு டிஏசி வாங்கலாமா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஆம்ப்ளிஃபயர், சிடி பிளேயர் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருப்பவர் வாசகர்களின் சந்தேகங்களுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்றவன். புது வீட்டு ஹாலில் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரும் ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரும் வைத்திருக்கிறேன். கர்னாடக சங்கீத சிடிக்கள் நிறைய உண்டு, மற்றதெல்லாம் லேப்டாப்பில். டிஜிட்டலை அனலாக்காக மாற்றும் டிஏசி ஒன்று நல்லதாக வாங்க நாலு லட்சம் எடுத்து வைத்திருக்கிறேன். ஒரு கடையில் இஎஸ்எஸ் சிப்தான் சிறந்தது என்கிறார்கள். இன்னொரு கடையில் ஆர்-2ஆர் வாங்குங்கள், ரெக்கார்டு பிளேயர் மாதிரி இருக்கும் என்கிறார்கள். எதை எடுக்கலாம்?
– பேர்லேண்ட்ஸ் வாசகர், வயது 64

பதில்: சிப் பெயரை வைத்து முடிவு எடுக்காதீர்கள் சார். 2020 அக்டோபரில் ஜப்பானின் நொபெயோகாவில் ஏகேஎம் நிறுவனத்தின் சிப் தொழிற்சாலை எரிந்துபோனது. டிஏசி செய்கிறவர்கள் பலருக்கும் சிப் கிடைக்காத நிலை. ஜெர்மனியின் ஆர்எம்ஈ தன் ஏடிஐ-2 டிஏசியில் ஏகேஎம் இருந்த இடத்தில் இஎஸ்எஸ்ஸை வைத்து, அதே பெயரில் விற்பனையைத் தொடர்ந்தது. சிப்பைச் சுற்றியிருக்கும் பவர் சப்ளை, நேரத் துடிப்பு தரும் கிளாக், அனலாக் அவுட்புட் பகுதி இவற்றை ஒழுங்காகச் செய்யத் தெரிந்தவனுக்கு எந்தச் சிப்பும் ஒத்துவரும். இங்கிலாந்தின் கார்ட் நிறுவனம் கடையில் கிடைக்கும் டிஏசி சிப்பையே தொடுவதில்லை. வேண்டியபடி புரோகிராம் செய்துகொள்ளக்கூடிய எஃப்பிஜிஏ சிப்பில் தானே புரோகிராம் எழுதிக்கொள்கிறது.

ஆர்-2ஆர் என்பது ரெசிஸ்டர்களை ஏணிபோல் அடுக்கிச் செய்யும் பழைய முறை. டெனாஃப்ரிப்ஸ், ஹோலோ ஆடியோ கம்பெனிகளின் டிஏசிகள் அந்த வகை. சிடியின் 16 பிட்டுக்கு 65,536 படிகள் வேண்டும். ஏணியின் மேல்முனை ரெசிஸ்டர் அதற்கு ஈடுகொடுக்க வேண்டுமானால் சுமார் 0.0015 சதவீதத் துல்லியம் தேவை. 0.01 சதவீத ரெசிஸ்டருக்கே விலை எகிறும். அதனால் நல்ல கம்பெனிகள் பிசகை அளந்து திருத்த ஏற்பாடு வைக்கின்றன. வைக்காதவர்கள் அந்தப் பிசகையும் 'இயல்பான ஒலி' என்று சொல்லி விற்கிறார்கள்.

அப்புறம், பல ஆர்-2ஆர் டிஏசிகளில் 'நாஸ்' என்று ஒரு பட்டன் இருக்கும். ஓவர்சாம்ப்ளிங், அதாவது இடையில் கூடுதல் மாதிரிகளைக் கணக்கிட்டுச் சேர்ப்பது, செய்யாமல் அப்படியே வாசிக்கும் முறை. அதில் ஒரு சிடியைப் போட்டால் 20 கிலோஹெர்ட்ஸில் சுமார் 3 டெசிபல் குறைந்துவிடும், 12 கிலோஹெர்ட்ஸில் 1 டெசிபல். கடைக்காரர் சொல்லும் அந்த 'ரெக்கார்டு பிளேயர் இதம்' பெரும்பாலும் இந்தச் சரிவுதான். பிடித்திருந்தால் தாராளமாகக் கேளுங்கள், தப்பே இல்லை. ஆனால் அதே இதம் உங்கள் ஆம்ப்ளிஃபயரின் ட்ரெபிள் குமிழைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பினால் இலவசமாகக் கிடைக்கும்.

கடையில் ஒப்பிட்டுக் கேட்கும்போதுதான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். சிவப்பு, வெள்ளை சொருகி போடும் ஆர்சிஏ அவுட்புட்டில் 2 வோல்ட் என்பது வழக்கம். பக்கத்தில் இருக்கும் பெட்டி 2.5 வோல்ட் கொடுத்தால் அது ஏறக்குறைய 2 டெசிபல் சத்தம் அதிகம். அவ்வளவு சின்ன வித்தியாசத்தைக் காது சத்தமாக எடுத்துக்கொள்ளாது. "இதில் வயலின் தெளிவாக இருக்கிறதே" என்று நினைக்க வைக்கும். ஆகவே ஒரு மல்டிமீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். 100 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் ஏசி வோல்ட்டை அளந்து, இரண்டு டிஏசிக்கும் ஒரே அளவு வரும்படி வால்யூமை வைக்கச் சொல்லுங்கள். அதன்பிறகு, எது ஓடுகிறது என்று தெரியாமல் கேளுங்கள். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும், பணம் உங்களுடையது.

பின்பக்கத்தையும் பாருங்கள். உங்கள் ஆம்ப்ளிஃபயரில் எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று முள் சாக்கெட் இல்லையென்றால் பேலன்ஸ்டு அவுட்புட்டுக்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம். இருந்தாலும், அதன் வழியாக 4 வோல்ட் உள்ளே வந்தால் சில ஆம்ப்ளிஃபயர்களில் வால்யூம் குமிழ் எட்டு மணி நிலையைத் தாண்டவே முடியாது. அந்த இடத்தில் இடது வலது சமமாக இருக்காது. வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வருவதாக இருந்தால் 230 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஜப்பான் மாடல் 100 வோல்ட். நம் வீட்டு பிளக்கில் சொருகிய அன்றே என் பட்டறைக்கு வந்துவிடும்.

என்னைக் கேட்டால் அந்த ஆர்எம்ஈயே போதும். நாலு லட்சத்தில் பாதிகூட ஆகாது. சிடி பிளேயரையும் லேப்டாப்பையும் சேர்த்து இணைக்கலாம், உள்ளேயே ஈக்வலைசர் இருக்கிறது, அறையின் குளறுபடியைக் கொஞ்சம் சரிசெய்யலாம். குளறுபடி இருக்கத்தான் செய்யும்: பேர்லேண்ட்ஸ் பக்கம் நான் போகும் புது வீடுகளில் எல்லாம் பளிங்குத் தரை, பெரிய கண்ணாடி ஜன்னல், வெறும் சுவர். கை தட்டினால் டணங்கென்று திரும்பி வருகிறது. பவானி ஜமக்காளம் இரண்டை மடித்து ஸ்பீக்கருக்கு முன்னால் விரியுங்கள், ஜன்னலுக்குக் கனமான திரை போடுங்கள், பக்கச் சுவரில் புத்தக அலமாரியை நகர்த்துங்கள். மீதிப் பணத்தில் இன்னும் நல்ல ஸ்பீக்கர். ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் இருக்கும் வித்தியாசத்தில் நூறில் ஒரு பங்கு கூட இரண்டு நல்ல டிஏசிகளுக்கு நடுவில் கிடையாது.

கேள்வி: எங்கள் காப்பித் தோட்ட வீட்டில் லேப்டாப்பை யுஎஸ்பி வழியாக டிஏசியில் இணைத்திருக்கிறேன். சார்ஜர் போட்டால் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வருகிறது, எடுத்தால் நின்றுவிடுகிறது. டிஏசி பழுதா?
– வாசகி, நாகலூர், ஏற்காடு

பதில்: டிஏசி மேல் பழி போடாதீர்கள் அம்மா. சார்ஜரில் கசியும் மின்சாரம் யுஎஸ்பி வழியாக ஆம்ப்ளிஃபயர் எர்த்துக்குப் போகிறது. யுஎஸ்பியை ஆப்டிகலாக மாற்றும் சின்னப் பெட்டி கிடைக்கும். அதற்கப்புறம் ஒலி வெறும் சிவப்பு வெளிச்சமாகப் போகும், தாமிரத் தொடர்பே இருக்காது. பொதுவாக 96 கிலோஹெர்ட்ஸ் வரை தடையில்லாமல் வரும், வீட்டுக்கு அது தாராளம். யாராவது எர்த் பின்னை ஒடித்துவிடச் சொன்னால் கேட்காதீர்கள். இரைச்சல் நிற்கும்தான், ஆனால் ஷாக் அடித்தால் காப்பாற்ற எதுவும் இருக்காது. மலையில் பாறை மண், எர்த் குழி காய்ந்திருக்கும். எலக்ட்ரீஷியனை விட்டு அளக்கச் சொல்லி, வெயில் காலத்தில் தண்ணீர் ஊற்றுங்கள்.

கோடை மழை இடிக்கு ஸ்பைக் கார்டை நம்ப வேண்டாம். வானம் கறுத்ததும் பிளக்கைக் கழற்றுங்கள், இன்டர்நெட் வயரையும் சேர்த்து. மலையிலிருந்து எனக்கு வரும் பெட்டிகளில் பாதிக்குமேல் அந்த வயர் வழியாக அடிபட்டவைதான்.

கேள்வி: 32 பிட், 768 கிலோஹெர்ட்ஸ், எம்க்யூஏ என்ற ஒலிச் சுருக்க முறை எல்லாம் உள்ள டிஏசி வாங்க ஆசை. பக்கத்து ஷெட்டில் விசைத்தறி ஓடுகிறது. பிரயோஜனம் இருக்குமா?
– அம்மாபேட்டை வாசகர்

பதில்: தம்பி, தறி நிற்கும் நேரத்தில்கூட இருக்காது. மிகச் சன்னமான ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் உள்ள இடைவெளியில், உலகின் மிகச் சிறந்த டிஏசிகளே 120 முதல் 130 டெசிபல் வரைதான் எட்டுகின்றன, அதாவது 20, 21 பிட். மிச்சமெல்லாம் அட்டைப்பெட்டி மேல் அச்சடிக்கத்தான். சாதாரண சிடியின் 96 டெசிபலே உங்கள் தெருவுக்கு அதிகம். எம்க்யூஏ நிறுவனம் 2023ல் நொடித்துக் கைமாறியது. அதைத் தூக்கிப் பிடித்த டைடல் என்ற இசை ஸ்ட்ரீமிங் சேவையும் 2024 ஜூலையில் ஃபிளாக் என்ற பொதுவான ஒலிக்கோப்பு முறைக்குப் போய்விட்டது. டாப்பிங், எஸ்எம்எஸ்எல் மாதிரி விலை குறைந்த ஒன்றை எடுத்துக்கொண்டு, காதை மூடும் நல்ல ஹெட்போன் வாங்குங்கள்.

கேள்வி: சித்தப்பாவின் 80கள் சிடி பிளேயரில் பிலிப்ஸ் டிடிஏ1541 சிப் இருக்கிறது. சிப்பை மட்டும் கழற்றிக் கொடுத்தால் நல்ல விலை தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?
– குகை வாசகர்

பதில்: கொடுக்காதீர்கள். அந்தச் சிப்புக்குக் கிராக்கி இருப்பதால் உயர்தரச் சிப்பின் அடையாளமான கிரீடத்தை மேலே அச்சடித்த போலிகள் சந்தையில் நிறைய. அசல் எங்கே கிடைக்கும் என்று அலைகிறவர்கள்தான் இப்படிக் கேட்பார்கள். கெப்பாசிட்டர்களை மாற்றி, லென்ஸைத் துடைத்து, டிராயர் பெல்ட் புதிதாகப் போட்டால் பெரும்பாலும் ஓடிவிடும். சித்தப்பாவிடம் ரிமோட் இருக்கிறதா என்று கேளுங்கள். சில மாடல்களில் அது இல்லாமல் பாதி வேலை நடக்காது.