குசினிக் கேள்விகள்: ஸ்பானிய வைனும் எங்கள் நண்டுக் கறியும்

சென்ற இதழில் ஸ்பெயின் நாட்டுச் சமையலைப் பற்றி எழுதிய குறிப்புக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சமையலை விட்டு வைனைப் பற்றியே கேட்டிருந்தன. வெளிநாட்டிலிருந்து உறவினர்கள் வந்து போகும் வீடுகளில் இப்போது ஒரு போத்தலாவது அலுமாரிக்குள் இருக்கிறது என்பது அவற்றிலிருந்து தெரிகிறது. இம்முறை பக்கம் முழுவதும் அக்கடிதங்களுக்கே.

கனடாவிலிருந்து வந்த மகள், ‘ரியோஹா ரிசெர்வா’ என்று எழுதிய சிவப்பு வைன் போத்தல் ஒன்றைத் தந்துவிட்டுப் போனார். நாட்பட நாட்பட வைன் நன்றாகும் என்கிறார்களே. பேரனின் இருபத்தோராவது பிறந்தநாள் வரை வைத்திருக்கலாமா?
— வாசகர், மானிப்பாய்

வைத்திருக்க வேண்டாம், ஐயா. அந்த வைன் காத்திருக்க வேண்டிய காலத்தைக் காத்திருந்துவிட்டே உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. ரியோஹா என்பது வட ஸ்பெயினில் எப்ரோ ஆற்றை ஒட்டிய பிரதேசம். அங்கே தெம்பிரானியோ என்னும் கறுப்பு முந்திரிகை (திராட்சை) இனமே முதன்மையானது. ரிசெர்வா என்று எழுதப்பட்ட சிவப்பு வைன் குறைந்தது 3 ஆண்டுகள் முதிர்ந்திருக்க வேண்டும் என்பதும், அதில் ஓராண்டாவது 225 லீற்றர் ஓக் மரப் பீப்பாயில் கழிந்திருக்க வேண்டும் என்பதும் அங்குள்ள விதி. கிரியான்சா எனில் 2 ஆண்டுகள். கிரான் ரிசெர்வா எனில் 5 ஆண்டுகள். வாங்குபவர் வீட்டில் நிலவறை இல்லாமற் போகலாம் என்பதை உணர்ந்து, முதிர வைக்கும் வேலையைத் தயாரிப்பவரே செய்துமுடித்து விற்கும் இந்த வழக்கத்தையே நான் ஸ்பானிய வைனின் பெரிய நற்குணமாகக் கருதுகிறேன்.

வைனை நெடுங்காலம் வைப்பதற்கு 12 முதல் 15 பாகை வரையிலான நிலையான குளிர்ச்சி வேண்டும். சித்திரை வெயிலில் எங்கள் அலுமாரிக்குள் நிலவும் வெப்பத்தில் அது சில மாதங்களிலேயே வதங்கிப்போகும். ஆகவே வருகின்ற ஒரு ஞாயிற்றுக்கிழமையில், அரை மணி நேரம் குளிர்சாதனப்பெட்டியில் வைத்தெடுத்து, ஆட்டிறைச்சியோடு திறந்துவிடுங்கள். ரியோஹாவில் முந்திரிகைக் கொடியைக் கவாத்துச் செய்த சுள்ளிகளை எரித்து, அந்தத் தணலில் ஆட்டுக்குட்டியின் விலா இறைச்சியை வாட்டி உண்பார்கள். உப்பைத் தவிர வேறு சரக்கு அதற்குத் தேவையில்லை. எங்கள் வழக்கப்படி பிரட்டலாகவே செய்வதானால், மிளகாய்த்தூளைப் பாதியாக்கி மிளகைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

விடுமுறைக்கு வந்த உறவினர்களுக்காக நண்டுக் கறி சமைத்து, விலை கூடிய ஸ்பானிய சிவப்பு வைனையும் திறந்தோம். வாயில் இரும்பை நக்கியது போன்ற சுவையும் தாங்க முடியாத எரிவும்தான் மிஞ்சின. வைன் பழுதடைந்திருந்ததா?
— வாசகி, பருத்தித்துறை

வைனிலும் பிழையில்லை, உங்கள் கைப்பக்குவத்திலும் பிழையில்லை. இரண்டையும் ஒரே மேசையில் வைத்ததுதான் பிழை. இரும்பு என்று நீங்கள் எழுதியது வெறும் உவமையும் அல்ல. எல்லா வைனிலும் சிறிதளவு இரும்பு கரைந்திருக்கிறது. சிவப்பு வைனில் அது பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். யப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், உலர்த்திய சிப்பி இறைச்சியைப் பலவகை வைன்களில் ஊறவைத்துப் பார்த்து, இரும்பு கூடிய வைனிலேயே பழைய மீன் வாடை மிகுதியாக எழுகிறது என்று காட்டினார்கள். கடலுணவின் கொழுப்பு இரும்போடு சேர்வதால் வரும் வாடை அது.

எரிவுக்கு வேறு காரணம். மிளகாயின் காரம், நாவில் சூட்டை உணர்த்தும் நரம்புகளையே தூண்டுகிறது. மதுசாரமும் அதே நரம்புகளை உசுப்பிவிடுவதால், 14 வீதம் மதுசாரமுள்ள சிவப்பு வைன், யாழ்ப்பாணத்துக் கறித்தூளின் உறைப்பை இரட்டிப்பாக்கியது போலத் தோன்றச் செய்கிறது. இதற்கு மேல், முந்திரிகைத் தோலிலிருந்தும் பீப்பாயிலிருந்தும் வருகின்ற துவர்ப்பு, பச்சைப் பாக்கைக் கடித்தது போல வாயை வரட்டுகிறது. உறைப்பு, மதுசாரம், துவர்ப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தால் எந்த விருந்தாளியும் தண்ணீர்தான் கேட்பார்.

ஸ்பானியப் புத்தகங்கள் சொல்லும் இணைப்புகளை அப்படியே எங்கள் குசினிக்குள் கொண்டுவர முடியாததும் இதனால்தான். அமெரிக்காவிலிருந்து மிளகாயை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனவர்கள் ஸ்பானியர். கொலம்பசின் முதற் பயணம் 1493இல் முடிந்தபோதே அது அங்கு போய்விட்டது. ஆனால் அவர்கள் அதைச் சாதுவாக்கி, லா வேரா பிரதேசத்தில் ஓக் விறகின் புகையில் உலர்த்தி, பிமென்தோன் என்ற சிவந்த தூளாக நிறத்துக்கும் மணத்துக்குமே பெரிதும் பயன்படுத்தினார்கள். போர்த்துக்கேயர் வழியாக அதே மிளகாயைப் பெற்ற நாங்கள்தான் அதன் முழு வீரியத்தையும் விரும்பினோம். 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றியபோது போர்த்துக்கல்லின் முடியைச் சூடியிருந்தவரும் ஸ்பெயின் அரசர் மூன்றாம் பிலிப்தான் என்பதை இவ்விடத்தில் நினைக்கச் சுவையாக இருக்கிறது.

இனிச் செய்யக்கூடியது என்னவென்றால், நண்டுக்குச் சிவப்பை விட்டு, ஸ்பெயினின் வடமேற்கு மூலையான கலீசியாவிலிருந்து வரும் அல்பாரிஞோ என்னும் வெள்ளை வைனைத் தேடுவதே. மதுசாரம் பெரும்பாலும் 12, 13 வீதம், துவர்ப்பு இல்லை, தேசிக்காய் பிழிந்தது போன்ற புளிப்பு உண்டு. கலீசியர் பேய்க்கணவாயை அவித்துத் துண்டாக்கி, ஒலிவ் எண்ணெயும் கல்லுப்பும் பிமென்தோனும் தூவி மரத்தட்டில் பரிமாறுவதும், நண்டை உப்புநீரில் வெறுமனே அவித்து உடைத்துத் தின்பதும் இந்த வைனோடுதான். என் வாய்க்கு, கூட்டுத்தூள் போட்ட நண்டுக் கறியைவிட, தேங்காய்ப்பாலும் பச்சை மிளகாயும் புளியும் மட்டும் சேர்ந்த மீன் சொதியோடு அது நன்றாகவே ஒத்துப்போகிறது. நண்டுக் கறியைக் குறைக்க மனமில்லாவிட்டால், அதை வைன் இல்லாமலே உண்ணுங்கள். அதற்குத் துணை தேவையில்லை. வைனுக்கென்று தனியாக இறாலைச் சமையுங்கள்: ஒலிவ் எண்ணெயில் நிறைய உள்ளியைச் சீவிப் போட்டு, செத்தல் மிளகாய் ஒன்றை மட்டும் கிள்ளியிட்டு, உள்ளி பொன்னிறமாகும் முன்பே இறாலைச் சேர்த்து இரண்டு நிமிடத்தில் இறக்கிவிட வேண்டும். மட்ரிட் நகரக் கடைகளில் இதைக் கொதிக்கக் கொதிக்க மண் சட்டியில் தந்து, எண்ணெயைத் தோய்த்துண்ணப் பாண் வைப்பார்கள். பாண் என்ற சொல்லையும் குசினி என்ற சொல்லையும் நாங்கள் போர்த்துக்கேயரிடம் பெற்றோம்; ஸ்பானியரும் ஏறத்தாழ அப்படியே சொல்வதால், இந்தப் பண்டத்தைக் கேட்டு வாங்குவதில் உங்களுக்குச் சிரமம் இராது.

குடும்பங்கள் படிக்கும் சஞ்சிகையில் மதுவைப் பற்றி எழுதுவது சரிதானா?
— வாசகர், காரைநகர்

குடியால் அழிந்த வீடுகளை நானும் அறிவேன். உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. இப்பக்கம் யாரையும் குடிக்கச் சொல்லவில்லை. உண்ணும் உணவோடு ஒரு சிறு கிண்ணம் என்ற அளவில் ஒரு நாட்டார் வளர்த்த சமையல் அறிவைப் பற்றியே எழுதுகிறது. வேண்டாதவர்கள் கீழே உள்ள நல்லூர் வாசகியின் கேள்விக்குத் தாவிவிடலாம்.

எங்கள் செம்மண்ணில் முந்திரிகைப் பந்தல் போட்டிருக்கிறேன். ஸ்பானிய இனங்களை நட்டால் வைன் வருமா?
— தோட்டக்காரர், கோப்பாய்

பந்தல் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குக் கலீசியாதான் நினைவுக்கு வந்தது. ஸ்பெயினின் பல பகுதிகளில் கொடியைக் குட்டைச் செடியாகத் தரையோடு வளர்ப்பார்கள். கலீசியாவிலோ அத்திலாந்திக் சமுத்திரத்தின் ஓயாத மழைக்குப் பயந்து, கருங்கல் தூண் நாட்டி, ஆளுயரத்துக்கு மேலே பந்தலில் படரவிட்டு, குலைகளுக்குக் கீழே காற்று ஓடச் செய்கிறார்கள். பூஞ்சணத்துக்கு எதிரான வழி இது. பார்த்தால் கோப்பாய்த் தோட்டம்போலவே இருக்கும்.

ஆனால் ஒற்றுமை அந்த அளவிலேயே நின்றுவிடுகிறது. வைனுக்குரிய இனங்கள் குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கி எழுபவை. எங்கள் வெப்பத்தில் கொடி உறங்குவதே இல்லை. கவாத்துச் செய்துதான் அதைக் காய்க்கத் தூண்டுகிறோம். இரவிலும் வெப்பம் தணியாததால் பழத்தின் புளிப்பு விரைவாக மறைந்துவிடும். புளிப்பில்லாத சாற்றிலிருந்து உயிர்ப்புள்ள வைன் வராது. உங்கள் பழத்தை உண்ணவும் ரசமாக்கவும் விற்பதே இலாபம்.

கிறிஸ்மஸ் கேக்குக்குப் பழம் ஊறவைக்க ஷெரி வாங்குவோம். அதுவும் ஸ்பானிய வைன்தான் என்கிறார் என் மருமகன். உண்மையா? அதைச் சாப்பாட்டோடு குடிப்பார்களா?
— வாசகி, குருநகர்

உங்கள் மருமகன் சொல்வது உண்மை. தென் ஸ்பெயினில் உள்ள ஹெரேஸ் என்னும் ஊரின் பெயரே ஆங்கிலேயர் வாயில் ஷெரி ஆயிற்று. ஆனால் நீங்கள் அறிந்த இனிப்பு ஷெரி அதன் ஒரு முகம் மட்டுமே. ஹெரேஸ்காரர் சாப்பாட்டோடு அருந்தும் ஃபினோ, இனிப்பு என்பதே அற்ற, வைக்கோல் நிறமுள்ள, பாதாம் பருப்பு மணக்கும் வைன்.

அது உருவாகும் முறையைக் கள்ளை அறிந்த எங்கள் ஊரவர் எளிதில் விளங்கிக்கொள்வர். சுண்ணாம்பு பூசாத முட்டியில் இறங்கும் பனஞ்சாற்றைக் காற்றிலுள்ள நொதிகள் (ஈஸ்ட் நுண்ணுயிர்கள்) சில மணி நேரத்தில் கள்ளாக்கிவிடுகின்றன; அவற்றைத் தடுக்க முட்டிக்குச் சுண்ணாம்பு பூசினால் அது கருப்பநீராகவே நிற்கும். ஹெரேஸில் பலோமினோ முந்திரிகையின் சாறு வைனாகிய பின், மதுசாரத்தை 15 வீதத்துக்கு உயர்த்தி, பீப்பாயை நிரப்பாமல் மேலே வெற்றிடம் விடுகிறார்கள். அந்த இடத்தில் நொதிகள் வெண்ணிற ஆடையாகப் படர்கின்றன. பூ என்ற பொருளில் அதைப் ‘ஃபுளோர்’ என்கிறார்கள். இந்த ஆடை காற்றை வைனில் படவிடாமல் காத்து, எஞ்சிய இனிப்பையும் தின்றுவிடுகிறது. மதுசாரத்தை 17 வீதத்துக்கு உயர்த்தினால் ஆடை பிழைக்காது. வைன் காற்றுப்பட்டுக் கருகிய நிறமும் கொட்டைப் பருப்பின் மணமும் பெற்று ஒலொரோசோ ஆகிறது. இரண்டும் ‘சொலேரா’ என்னும் அடுக்குமுறையில் முதிர்கின்றன: கீழ் வரிசைப் பீப்பாய்களிலிருந்து ஒரு பகுதியை மட்டும் எடுத்துப் போத்தலிலிட்டு, குறைந்ததை மேல் வரிசையிலிருந்து நிரப்புவார்கள். பழையதும் புதியதும் ஓயாமல் கலப்பதால், ஷெரிப் போத்தலில் பெரும்பாலும் அறுவடை ஆண்டைக் காண மாட்டீர்கள்.

குருநகரில் இருந்துகொண்டு ஃபினோவை ருசி பார்க்காமல் இருப்பது, என் கருத்தில், கடற்கரையில் இருந்து கருவாடு வாங்குவதற்குச் சமம். மாவில் புரட்டிப் பொரித்த நெத்தலியும் சூடையும் கணவாயும் ஹெரேஸ் பக்கத்தவருக்கு அன்றாட உணவு. அவற்றின் எண்ணெய்ப் பசையை ஃபினோ துடைத்துவிடுகிறது. நன்றாகக் குளிரவைத்து, திறந்த ஒரு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும். ஒலொரோசோ ஓரிரு மாதம் தாங்கும். அதை ஆட்டிறைச்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் சைவம், குடிப்பதும் இல்லை. ஸ்பானிய உணவில் எங்களுக்கு ஏதாவது உண்டா?
— வாசகி, நல்லூர்

கத்தலோனியாவின் தக்காளிப் பாண் உண்டு. வாட்டிய பாணில் உள்ளியைத் தேய்த்து, பழுத்த தக்காளியைப் பிளந்து அதன் சதை முழுதும் பாணில் இறங்கும் வரை அழுத்தித் தேய்த்து, உப்பும் ஒலிவ் எண்ணெயும் விடுவார்கள். கோடையில், தக்காளி, வெள்ளரிக்காய், கறிமிளகாய், உள்ளி, சிறிது பழைய பாண் ஆகியவற்றை வினாகிரியோடு அரைத்துக் குளிரக் குளிரக் குடிக்கும் கஸ்பாச்சோ எங்கள் வைகாசி வெயிலுக்குப் பொருந்தும். கத்தரிக்காயையும் கறிமிளகாயையும் நெருப்பில் சுட்டுத் தோலுரித்து எண்ணெயில் ஊறவைப்பது இன்னொன்று. கத்தரிக்காய் சுட்டுச் சம்பல் செய்யும் கைகளுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பயேயா என்னும் ஸ்பானியச் சோற்றுணவை மரக்கறியில் செய்யலாம், ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: சோற்றைக் கிளறக் கூடாது. அடியில் பிடித்துப் பொருபொருக்கும் பகுதிக்காகவே வலன்சியாவில் வீட்டுக்குள் சண்டை நடக்கும்.

விருந்து முடிவில் இனிப்போடு தரக்கூடிய ஸ்பானிய வைன் எது?
— வாசகர், சுன்னாகம்

பெத்ரோ ஹிமேனெஸ். பழத்தைப் பறித்து, நாங்கள் ஒடியலுக்குக் கிழங்கைக் காயவிடுவது போல, பாயில் பரப்பி வெயிலில் சுருங்கவிட்டுப் பிழிவதால், பாணியைப் போலக் கறுத்துத் தடித்திருக்கும். கிண்ணத்தில் ஊற்றத் தேவையில்லை. வெனிலா ஐஸ்கிறீம் மீது இரண்டு கரண்டி விட்டால் போதும். அங்கேயும் அப்படித்தான் செய்கிறார்கள்.