பழைய ரோட்ஸ்டருக்குப் புது எண்ணெய்: வாசகர் கேள்வி–பதில்

முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 ரோட்ஸ்டர், அதாவது இருவர் அமரும் திறந்த கார், 1989 முதல் 1997 வரை வந்தது. வட அமெரிக்காவில் மியாட்டா, ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்று பெயர். இதை வைத்திருக்கும் வாசகர்கள், எண்ணெய்களைத் தாங்களே மாற்றுவது பற்றிக் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: ஐயா, 1991ஆம் ஆண்டு 1.6 லிட்டர் மியாட்டா ஒன்றை வாங்கியிருக்கிறேன். எந்த ஆயிலை எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ஒரு ரசீதும் இல்லை. எதில் தொடங்குவது? (டொராண்டோ)

எஞ்சின் ஆயிலில் தொடங்க வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் கை மாறி வந்த காரில் அநேகமாக ஒழுங்காக மாற்றப்பட்டிருப்பது அது ஒன்றுதான். கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் (பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பற்சக்கரப் பெட்டி), கிளட்ச் ஆகிய மூன்றும் ஆண்டுக்கணக்கில் கவனிப்பாரில்லாமல் கிடந்திருக்கும். முதல் வாரத்திலேயே இந்த மூன்றையும் முடித்துவிடுங்கள்.

தூக்குவதில் கவனம் வேண்டும். முன்பக்கம் ஜாக்கியை எஞ்சினுக்குக் கீழே குறுக்காகப் போகும் கிராஸ்மெம்பரின் நடுவிலும், பின்பக்கம் டிஃபரன்ஷியல் கூட்டின் அடியிலும் கொடுக்கலாம். ஸ்டாண்டுகளைக் கதவுக்குக் கீழே ஓடும் தகட்டு மடிப்பில், சக்கரங்களை ஒட்டிய வலுவூட்டிய இடங்களில் வையுங்கள். அந்த மடிப்பு துருப்பிடித்து நொறுங்கினால் அங்கே வைக்காதீர்கள். குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் ஊர்களில் இந்தக் கார் முதலில் அழுகுவது அங்கேதான். நான்கு ஸ்டாண்டிலும் கார் மட்டமாக நிற்க வேண்டும். முன்பக்கம் மட்டும் தூக்கி கியர் ஆயில் ஊற்றினால் அளவு தவறிவிடும்.

அடுத்தது, எதை மறந்தாலும் மறக்கக் கூடாத விதி: வடிக்கும் பிளக்கைத் தொடும் முன் நிரப்பும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். 30 வருடப் பிளக் இறுகிப்போய் அசையாமல் இருக்கலாம். பழைய ஆயிலை வடித்த பிறகு இது தெரிந்தால், ஆயில் இல்லாத கியர்பாக்ஸோடு கார் கொட்டகையில் கிடக்கும். இந்தப் பிளக்குகளுக்கு 23 அல்லது 24 மி.மீ. சாக்கெட் வேண்டும். அறுகோண சாக்கெட்டாக இருக்கட்டும். பன்னிரு முனை சாக்கெட் தலையை உருட்டிவிடும். அசையாவிட்டால் ஊடுருவும் எண்ணெய் தெளித்து ஓர் இரவு விட்டு, நீளமான கைப்பிடியால் நிதானமாக அழுத்துங்கள்.

10, 15 நிமிடம் ஓட்டிவிட்டு வந்து வடித்தால் ஆயில் இளகி, அடியில் தங்கிய தூளையும் சேர்த்துக்கொண்டு இறங்கும். பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு ஒட்டியிருந்தால் அது வழக்கமான தேய்மானம், துடைத்துவிட்டு மாட்டலாம். விரலில் குத்தும் அளவுக்குச் சில்லுகள் வந்தால், பல்லோ பேரிங்கோ போயிருக்கிறது.

5 கியர் பெட்டிக்கு 2 லிட்டர். 1.6 காரின் டிஃபரன்ஷியலுக்கு 0.65 லிட்டர், 1.8 காரின் பெரிய டிஃபரன்ஷியலுக்கு 1 லிட்டர். இரண்டிலுமே நிரப்பும் துளையின் கீழ் விளிம்பில் ஆயில் வழியத் தொடங்கினால் போதும். கியர்பாக்ஸுக்குக் கீழிருந்து ஊற்ற இடம் கிடைக்காது. எஞ்சின் அறையிலிருந்து நீளமான குழாயை நிரப்பும் துளை வரை இறக்கி, மேலே புனல் வைத்து ஊற்றுங்கள். கெட்டியான ஆயில் மெதுவாகத்தான் இறங்கும். டப்பாவைச் சுடுநீரில் வைத்து எடுத்தால் வேகம் கூடும்.

எஞ்சினுக்கு ஃபில்டரோடு சேர்த்து ஏறத்தாழ 3.6 லிட்டர். முதலில் 3.3 லிட்டர் ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு, நிறுத்திச் சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பார்த்து மீதியைச் சேருங்கள். வடிக்கும் பிளக்கின் வாஷரை ஒவ்வொரு முறையும் மாற்றி, 30 முதல் 41 நியூட்டன் மீட்டருக்குள் முறுக்குங்கள். ஃபில்டர் இருப்பது இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், கைக்கு எட்டாத இடத்தில். வலது முன்சக்கரத்தைக் கழற்றினால் எட்டும். கழற்றும்போது அரைக் கோப்பை ஆயில் கிராஸ்மெம்பரில் வழியும். துடைக்காமல் விட்டால் ஒரு மாதத்துக்குச் சொட்டி, கசிவு என்று பயமுறுத்தும். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதன் மேல் புதியதை மாட்டினால், ஸ்டார்ட் செய்ததும் ஆயில் முழுக்கத் தரையில்தான்.

கேள்வி: குளிரில் இரண்டாம் கியர் உரசிக்கொண்டுதான் விழுகிறது. கடைக்காரர் ஜிஎல்-5 தான் உயர்ந்தது, அதையே ஊற்றுங்கள் என்கிறார். சரியா? (லண்டன்)

ஜிஎல் என்பது கியர் ஆயிலின் தர வகை. ஜிஎல்-5 டிஃபரன்ஷியலுக்குச் சரி, கியர்பாக்ஸுக்கு வேண்டாம். மாஸ்டாவின் கையேடு கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4, ஜிஎல்-5 இரண்டையும் அனுமதிக்கிறது. ஆனாலும் நாங்கள் 75டபிள்யூ-90 (இது கெட்டித்தன்மையின் அளவு) ஜிஎல்-4 என்றுதான் சொல்வோம். கியர் மாறும்போது பித்தளை சின்க்ரோ வளையம் கூம்பைப் பற்றி இழுத்து இரண்டு வேகத்தையும் சமமாக்க வேண்டும். அந்தப் பிடிப்புக்குக் கொஞ்சம் உராய்வு தேவை. ஜிஎல்-5இல் உள்ள கந்தக, பாஸ்பரஸ் சேர்மானங்கள் டிஃபரன்ஷியலின் சறுக்கும் பற்களைக் காக்க வந்தவை. சின்க்ரோவுக்கு அவை வழுக்கலைக் கூட்டும்; சில வகைகள் பித்தளையையும் அரிக்கும். இரண்டுக்கும் பொது என்று விற்கும் டப்பாவைத் தவிர்த்து, ஜிஎல்-4 மட்டும் என்று எழுதியதை வாங்குங்கள். முதல் சில கிலோமீட்டருக்கு இரண்டாம் கியர் முரண்டுபிடிப்பது இந்தப் பெட்டியின் பிறவிக்குணம். ஆயில் மாற்றினால் குறையும், முற்றிலும் போகாது.

கியர் கம்பியின் அடியில் தனியாக ஒரு சிறு கிண்ணம் இருப்பது பலருக்குத் தெரியாது. கியர்பாக்ஸில் ஊற்றும் 2 லிட்டர் அங்கே போகாது. கன்சோலைக் கழற்றி, ரப்பர் உறைகளை விலக்கி, மூன்று போல்ட்டை எடுத்தால் கம்பி மேலே வந்துவிடும். உள்ளே பெரும்பாலும் கறுப்புச் சேறு இருக்கும், அல்லது எதுவுமே இருக்காது. சிரிஞ்சால் உறிஞ்சி, சுத்தம் செய்து, அதே கியர் ஆயிலை 80, 90 மில்லி ஊற்றுங்கள். கம்பியின் நுனியில் உள்ள நைலான் புஷ்ஷையும் கீழ் ரப்பர் உறையையும் அப்போதே மாற்றிவிடுங்கள். அந்த உறை கிழிந்திருந்தால்தான் காருக்குள் அனல் காற்றும் ஆயில் நாற்றமும் வரும். மலிவான பாகங்கள், ஒரு மணி நேர வேலை; இந்தக் காரில் இவ்வளவு நன்றாகத் தெரியும் பலன் வேறெதிலும் இல்லை.

கேள்வி: என்னுடையது லிமிடெட் ஸ்லிப் (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும்) டிஃபரன்ஷியல். தனியாக ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர் என்ற உராய்வை மாற்றும் சேர்மானம் சேர்க்க வேண்டுமா? (சிட்னி)

வேண்டாம். 1.6 காரில் வந்தது விஸ்கஸ் வகை. அதன் திரவம் தனியே மூடப்பட்டது. 1.8 காரில் வந்த டார்சன் முழுக்கப் பற்சக்கரங்களால் ஆனது. இரண்டுக்கும் சாதாரண ஜிஎல்-5 போதும். யாராவது கிளட்ச் தட்டு வகையை வாங்கி மாட்டியிருந்தால் மட்டும் அது தேவைப்படும்.

கேள்வி: எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் நனைந்திருக்கிறது. கிராங்க் தண்டின் பின்பக்க ஆயில் சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்கிறார்கள். (லண்டன்)

அவசரப்படாதீர்கள். சிலிண்டர் ஹெட்டின் பின்முனையில் கேம் தண்டின் நிலையை அறியும் கேம் ஆங்கிள் சென்சார் இருக்கிறது. அதன் ஓரிங் (ரப்பர் வளையம்) சூட்டில் காய்ந்து பிளாஸ்டிக்போல ஆகிவிடும். அங்கே கசியும் ஆயில் எஞ்சினின் முதுகு வழியாக இறங்கி, நீங்கள் சொல்லும் அதே இடத்தில் வந்து நிற்கும். முழுக்கக் கழுவித் துடைத்து, சில நாள் ஓட்டி, ஹெட்டின் பின்னால் விரலை விட்டுப் பாருங்கள். மேலே நனைந்திருந்தால் சீல் மேல் பழி போட வேண்டியதில்லை. கேம் கவர் கேஸ்கெட்டின் பின்மூலைகளையும் சேர்த்துப் பாருங்கள்.

சென்சாரைக் கழற்றும் முன் அதன் உடலிலும் ஹெட்டிலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போடுங்கள். அது திரும்பினால் இக்னிஷன் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) மாறிவிடும். ஒரே போல்ட்டுதான், ஆனால் கை நுழையச் சிரமப்படும். அதன் நாக்கு மையத்திலிருந்து விலகியிருப்பதால் ஒரு விதத்தில்தான் பொருந்தும், வம்பாகத் தள்ளாதீர்கள். மாட்டிய பின் டயக்னோஸ்டிக் பெட்டியில் டென் (TEN), ஜிஎன்டி (GND) என்று குறித்த முனைகளை இணைத்து, டைமிங் லைட்டில் 10 பாகை காட்டுகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: காலையில் எஞ்சின் தலையில் டிக் டிக் சத்தம். 20டபிள்யூ-50 ஊற்றினால் அடங்குமா? (சிட்னி)

அடங்காது, பெரும்பாலும் சத்தம் அதிகமாகும். இந்தத் தலைமுறையின் வால்வுகளுக்கு ஆயில் அழுத்தத்தில் இயங்கி இடைவெளியைத் தானே சரிசெய்யும் லாஷ் அட்ஜஸ்டர்கள் உண்டு. ஆயில் அவற்றுக்குள் நிறையும் வரை அந்தச் சத்தம் கேட்கும். கெட்டி ஆயில் இன்னும் தாமதமாகத்தான் போய்ச் சேரும். 10டபிள்யூ-30 ஊற்றி, ஆயில் திரும்பி வடியாமல் தடுக்கும் வால்வு உள்ள நல்ல ஃபில்டர் போட்டு, இரண்டு முறை சீக்கிரமாக மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: கிளட்ச் டப்பாவில் உள்ள ஆயில் கறுப்பாக இருக்கிறது. பிரேக் ஆயிலோடு இதையும் மாற்ற வேண்டுமா? (டொராண்டோ)

கட்டாயம். இந்தக் காரில் கிளட்சுக்குத் தனி டப்பா. அதில் பிடிப்பது மிகக் கொஞ்சம் என்பதால் ரப்பர் தூள் கலந்து சீக்கிரம் கறுத்துவிடும். கியர்பாக்ஸின் பக்கவாட்டில் உள்ள, கிளட்சை இயக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் தொப்பியை விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் சிலிண்டரையே மாற்றுங்கள். அது ஒரு நாள் நடுத்தெருவில் கைவிடும். பெடல் தரையோடு போய்விடும்.

பிரேக்குக்கு டாட் 3 அல்லது டாட் 4 (டாட் என்பது பிரேக் ஆயிலின் தர வகை), இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. புது டாட் 4இன் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ். ஈரம் உறிஞ்சிய பின் அதன் எல்லை 155தான். இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது இந்த வித்தியாசம் காலில் தெரியும். டாட் 5 சிலிக்கானால் ஆனது, இதில் ஊற்றவே கூடாது. டப்பாவில் மட்டம் இறங்கிக் காற்று போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

கேள்வி: கூலன்ட் 6 லிட்டர் பிடிக்கும் என்கிறார்கள். வடித்தால் பாதிதான் வருகிறது. (ஆக்லாந்து)

மீதி எஞ்சின் பிளாக்கிலும் ஹீட்டரிலும் நிற்கிறது. பிளாக்கின் வடிகால் போல்ட்டு எக்ஸாஸ்ட் பக்கம், அடைசலான இடத்தில். வராவிட்டால் போராட வேண்டாம். ரேடியேட்டரை வடித்து, காய்ச்சி வடித்த நீரால் நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஓட்டி, ஆறிய பின் மறுபடி வடியுங்கள். மூன்று முறையில் தெளிந்துவிடும். கடைசி முறை உள்ளே நிற்பது பெரும்பாலும் வெறும் நீர் என்பதால், 3 லிட்டர் கலக்காத கூலன்டை முதலில் ஊற்றிவிட்டு மீதி இடத்தை காய்ச்சி வடித்த நீரால் நிரப்புங்கள். பாதிக்குப் பாதி வந்துவிடும். காரின் மூக்கைத் தூக்கி வைத்து நிரப்பினால் காற்றுக்குமிழி மூடி வழியாக வெளியேறும். ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டி பழுப்பேறியிருந்தால் புது கூலன்டோடு புது ரேடியேட்டரையும் வாங்குங்கள். அந்த நிறம் வந்த தொட்டி எந்த நாளும் வெடிக்கலாம்; எஞ்சினில் இருப்பது அலுமினிய ஹெட், கூலன்ட் இல்லாமல் சூடேறினால் கெட்டுவிடும். வடித்த கூலன்டைத் திறந்து வைக்காதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும், அது அவற்றுக்கு உயிர்க்கொல்லி.

கேள்வி: குளிர்காலம் முழுக்கக் காரை நிறுத்திவைப்பேன். ஆயிலை நிறுத்தும் முன் மாற்றுவதா, வசந்தத்தில் எடுக்கும்போதா? (டொராண்டோ)

நிறுத்தும் முன். ஓடிய ஆயிலில் அமிலமும் ஈரமும் சேர்ந்திருக்கும். ஐந்து மாதம் அதை பேரிங்குகளோடு ஊறவிட வேண்டாம். மாற்றி, எஞ்சின் நன்றாகச் சூடேறும் வரை ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். வசந்தத்தில் மட்டம் மட்டும் பார்த்தால் போதும்.