புள்ளி விழாத பேனா

கேள்வி: தினமும் மூன்று நான்கு பக்கம் கையால் எழுதுகிறவள் நான். பொடி எழுத்து. ரொம்ப நாள் ஆசைப்பட்டு விலையுயர்ந்த மைப் பேனா ஒன்று வாங்கி 20 நாள் ஆகிறது. 14 காரட் தங்க நிப், கோட்டின் தடிமன் மீடியம். வழவழவென்று ஓடுகிறது, ஆனால் பேனாவை வைத்ததும் முதல் கோடு பல தடவை விழுவதில்லை. விற்றவரிடம் சொன்னால், "புது நிப், எழுத எழுதக் கைக்குப் பழகிவிடும். அவசரம் என்றால் கொஞ்சம் பணம் சேர்த்துப் போட்டு 18 காரட்டாக மாற்றிக்கொள்ளுங்கள்" என்கிறார். காத்திருக்கலாமா, மாற்றிவிடலாமா?

பதில்: காத்திருக்கவும் வேண்டாம், 18 காரட்டுக்குக் கூடுதல் பணம் கொடுக்கவும் வேண்டாம். திருப்பிக் கொடுக்கக் கெடு எத்தனை நாள் என்று ரசீதை எடுத்து இன்றைக்கே பாருங்கள்.

"எழுத எழுதச் சரியாகிவிடும்" என்ற பேச்சை நம்பி நல்ல பணத்தைத் தொலைத்தவர்களை, நிப் சரிசெய்யும் இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். தாளில் உரசுவது தங்கம் இல்லை. நிப்பின் நுனியில் ஒரு சின்ன உலோக மணியைப் பற்றவைத்திருப்பார்கள், எழுதுவது அதுதான். பழக்கத்தில் அதை இரிடியம் என்கிறோம். இன்றைக்குப் பல நிப்புகளில் பெயருக்குக்கூட இரிடியம் கிடையாது. ஆஸ்மியம், ருத்தேனியம், டங்ஸ்டன் மாதிரி உலோகங்களின் கலவை. பெயர் எதுவானாலும் அது மிகக் கடினமான பொருள். உங்கள் கைக்கு ஏற்றபடி அது தேய வருஷக்கணக்கில் எழுத வேண்டும், 20 நாளில் ஒன்றும் ஆகாது. அந்த 20 நாளில் பழகுவது உங்கள் கைதான். கோடு விழவில்லையே என்று தெரியாமலே அழுத்த ஆரம்பித்திருப்பீர்கள். அதற்குள் கெடுவும் முடிந்துவிடும். விற்பவருக்கு அது நன்றாகத் தெரியும்.

சரி, உங்கள் பேனாவுக்கு என்ன கோளாறு? வழவழப்பாக ஓடுகிறது, முதல் கோடு மட்டும் விழவில்லை என்கிறீர்கள். இரண்டும் சேர்ந்து வந்தால், அந்த மணியை அளவுக்கு மீறி மெருகேற்றியிருக்கிறார்கள் என்பதுதான் என் முதல் சந்தேகம். நிப்பின் நடுவே ஒரு பிளவு ஓடுகிறது அல்லவா? மை அதன் வழியாகத்தான் நுனிக்கு வருகிறது. பிளவின் இரு ஓரங்களும் தாள்வரை இறங்கி நின்றால், தொட்ட உடனே மை தாளில் ஒட்டும். மெருகு அதிகமானால் அந்த ஓரங்கள் உள்பக்கமாக உருண்டுபோய், நடுவில் ஒரு குழிவு விழுந்துவிடும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால் குழந்தையின் பின்புறம் மாதிரியே இருக்கும். தொழிலில் அதற்குப் பெயரே 'பேபி பாட்டம்'. மை அந்தக் குழிவுக்கு மேலேயே நின்றுவிடுவதால் தாளைத் தொடாது. அழுத்தினால் இறங்கும், கொஞ்சம் இழுத்தாலும் இறங்கும். கோடு ஆரம்பிக்கும் இடம் மட்டும் வெறுமையாக நிற்கும்.

தமிழ் எழுதுகிறவர்களுக்கு இதைக் கண்டுபிடிக்க லென்ஸ்கூட வேண்டாம். மெய்யெழுத்துக்கு வைக்கும் புள்ளியைப் பாருங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் பேனாவைத் தூக்கி ஒரே ஒரு தொடல் தொடுகிறோம், இழுப்பது இல்லை. இந்தக் கோளாறு உள்ள நிப்பில் முதலில் காணாமல் போவது புள்ளிதான். 'பக்கத்தில்' என்று பத்துத் தடவை, கொஞ்சமும் அழுத்தாமல் எழுதுங்கள். நான்கைந்து இடத்தில் 'பககததில' என்று வந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஆனால் ஒன்று. நிப்பின்மேல் தப்பே இல்லாமலும் முதல் கோடு விழாமல் போகலாம். இதைப் பார்க்காமல் சண்டைக்குப் போனால் உங்கள் பக்கம்தான் பலவீனமாகும். பேனா இரண்டு நாள் சும்மா கிடந்து, எடுத்ததும் முதல் சொல் மட்டும் வரவில்லை என்றால் அது கோளாறு இல்லை, நுனியில் மை காய்ந்திருக்கிறது. சட்டைப் பையில் நிமிர்ந்தே இருந்த பேனாவும் அப்படித்தான், மை பின்வாங்கியிருக்கும். இரண்டு வரி எழுதினால் ஓட ஆரம்பித்துவிடும். அப்புறம், புதுப் பேனாவின் உள்ளே தயாரிப்பின்போது பட்ட எண்ணெய்ப் பிசுக்கு தங்கியிருக்கலாம். சாதாரண தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, அதைப் பேனாவுக்குள் உறிஞ்சி வெளியேற்றுங்கள். பிறகு வெறும் தண்ணீரில் நாலைந்து தடவை அலசுங்கள். வெந்நீர் கூடாது. துணியில் நிப்பைக் கீழ்நோக்கி வைத்து ஓர் இரவு வடியவிட்டு, மினுமினுப்புத் தூள் எதுவும் கலக்காத சாதாரண மையை நிரப்புங்கள். தாளையும் மாற்றிப் பாருங்கள். பளபளப்பான தாளும், உள்ளங்கை எண்ணெய் பட்ட இடமும் நல்ல நிப்பையே வழுக்கவிடும், அதனால் கைக்கு அடியில் வேறொரு தாளை வைத்துக்கொண்டு எழுதுங்கள். இவ்வளவும் செய்த பிறகு, பக்கத்தின் நடுவிலும் புள்ளி விழவில்லை என்றால் குற்றம் நிப்பினுடையதுதான்.

காரட் விஷயத்துக்கு வருகிறேன். 14 காரட்டில் தங்கம் 58.5 சதவீதம், நிப்பில் 585 என்று பொறித்திருக்கும். 18 காரட்டில் 75 சதவீதம், அதன் முத்திரை 750. ஜப்பானின் செய்லர் நிறுவனம் 21 காரட்டிலும் நிப் செய்கிறது. அந்தக் காலத்து மையில் அமிலம் அதிகம், சாதாரண எஃகை அது அரித்துவிடும் என்பதால்தான் நிப்புக்குத் தங்கம் வந்தது. வழவழப்புக்கும் தங்கத்துக்கும் சம்பந்தமில்லை. நிப் வளைந்து கொடுப்பதுகூட அதன் தடிமனையும் வடிவத்தையும் பொறுத்தது. சொல்லப்போனால், அழுத்திவிட்டு எடுத்தால் பழைய நிலைக்குத் திரும்பும் தன்மை 14 காரட்டுக்குத்தான் அதிகம். காரட்டை ஏற்றி உங்கள் கோளாறைத் தீர்க்கலாம் என்பது பொய்.

யாராவது "கொடுங்கள், இரண்டு தேய்ப்பில் சரியாக்கித் தருகிறேன்" என்றால் கொடுக்காதீர்கள். நீங்களும் மெருகுத் தாளில் தேய்க்காதீர்கள். மெருகு கூடிப்போனதால் வந்த கோளாறு இது, அதன்மேல் இன்னும் மெருகேற்றினால் குழிவு ஆழமாகத்தான் ஆகும். வெளிக்கை பட்டது என்று சொல்லி உத்தரவாதத்தையும் மறுத்துவிடுவார்கள். இந்தத் தொழிலில் என்னை மிகவும் வருத்துவது இதுதான். மூடியில் கல் பதிக்கவும், பெட்டிக்குப் பட்டு ஒட்டவும் பேனா நிறுவனங்கள் காட்டுகிற அக்கறையில் பாதியை, ஒவ்வொரு நிப்பையும் அழுத்தாமல் ஒரு வரி எழுதிப் பார்ப்பதில் காட்டக் கூடாதா? ஒருவர் நிறுவனத்துக்கே பழுதுபார்க்க அனுப்பிய பேனா மூன்று மாதம் கழித்து, 'சோதித்தோம், நன்றாக எழுதுகிறது' என்ற சீட்டோடு என்னிடம் வந்தது. கூடவே அவர்கள் எழுதிப் பார்த்த தாளும் இருந்தது. தாளின் பின்பக்கத்தைத் தடவினால் எழுத்து விரலில் தட்டுப்பட்டது. அவ்வளவு அழுத்தினால் எந்தப் பேனாதான் எழுதாது!

மாற்றித் தரச் சம்மதித்தால் மீடியத்தையே திரும்ப வாங்காதீர்கள். பொடி எழுத்தில் மீடியம் நிப்பு, மூன்று சுழி ண-வின் சுழிகளை அடைத்துவிடும். ஞ, இ இரண்டும் மை திட்டாகிவிடும். ஐரோப்பிய நிறுவனப் பேனா என்றால் மீடியத்தைவிட மெல்லிய ஃபைன் எடுங்கள். ஜப்பான் பேனாவில் அதே பெயர் ஏறக்குறைய ஓர் அளவு மெல்லியதாக வரும், அங்கே மீடியமே உங்களுக்குப் போதும்.

கடையில் நிப்பை மைப்புட்டியில் தொட்டு எழுதிக் காட்டினால் அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். தொட்டெடுத்ததும் நிப்புக்குக் கீழே இருந்து மை ஊட்டும் ஃபீட் என்ற பாகம் முழுக்க மையில் நனைந்திருக்கும், மோசமான நிப்பும் அரைப் பக்கம் அருமையாக ஓடும். மை நிரப்பித் தரச் சொல்லுங்கள். முடியாது என்றால், தொட்ட மையைத் துணியில் நன்றாக ஒற்றியெடுத்துவிட்டு எழுதுங்கள். உங்கள் தாளையே கொண்டுபோய், உட்கார்ந்து, உங்கள் வேகத்தில், 'அண்ணன்', 'விஞ்ஞானம்', 'கற்றுக்கொண்டேன்' என்று புள்ளி நிறைய வரும் சொற்களாக எழுதிப் பாருங்கள்.

இப்போதைக்கு, கழுவிய பிறகு எழுதிய பக்கத்தில் புள்ளி விழாத இடங்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். அழுத்தாமல் எழுதுவது தெரியும்படி அரை நிமிட வீடியோ ஒன்றும் எடுத்து, வாங்கிய தேதியைக் குறிப்பிட்டு எழுத்துமூலம் அனுப்புங்கள். தொலைபேசியில் பேச வேண்டாம். பேசினால் மறுபடியும் "எழுத எழுத" என்றுதான் ஆரம்பிப்பார்.