சலூன் சொடக்கு, முதுகு ஊசி, உச்சிக்குழி: எலும்பு டாக்டர் பதில்கள்

முடிவெட்டி முடித்ததும் சலூனில் கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுக்கிறார்கள். சுகமாகத்தான் இருக்கிறது. ஆபத்தா டாக்டர்?

சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம். மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயுக்குமிழி உண்டாகிற சத்தம் அது. என் பயம் வேறு. கழுத்தின் ஏழு முள்ளெலும்புகளில் மேலே உள்ள ஆறில், இரண்டு பக்கமும் ஒரு சின்ன ஓட்டை உண்டு. மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அந்த ஓட்டைகள் வழியாகத்தான் ஏறுகிறது. உச்சியில் இருக்கும் அட்லஸ் எலும்பைத் தாண்டியதும் சட்டென்று பின்னால் வளைந்து, அந்த எலும்பின் மேலேயே படுத்து, அப்புறம்தான் மண்டைக்குள் நுழைகிறது. தலையைத் திருப்புகிற அசைவில் ஏறக்குறைய பாதி, முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவில் நடப்பது. அதாவது, கழுத்து அதிகம் திரும்புகிற இடத்திலேயே குழாயும் வளைந்து கிடக்கிறது. வெடுக்கென்று திருப்பினால் அதன் உள்சுவர் கிழியலாம். அங்கே ரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம். அபூர்வம்தான், ஆனால் இளவயதுக்காரர்களுக்கும் வருகிறது. தலையையும் தோளையும் பிடித்துவிடட்டும், கழுத்தைத் திருப்ப வேண்டாம் என்று நாற்காலியில் உட்காரும்போதே சொல்லிவிடுங்கள். அதையும் மீறித் திருப்பி, தலைசுற்றலோ பேச்சுக் குழறலோ நடையில் தள்ளாட்டமோ வந்தால், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று இருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சிசேரியனுக்கு முதுகில் போட்ட ஊசியால்தான் எட்டு வருடமாக இடுப்பு வலிக்கிறது என்கிறார் மாமியார். உண்மையா?

மாமியார் மட்டுமா, ஊரே அப்படித்தான் சொல்கிறது. பெரியவர்களுக்குத் தண்டுவடம் முதல் அல்லது இரண்டாவது இடுப்பு முள்ளெலும்போடு முடிந்துவிடும். ஊசி அதற்குக் கீழே, பெரும்பாலும் மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில் இறங்குகிறது; அதனால் தண்டுவடத்தில் படுவதில்லை. இரண்டு பக்கமும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பைத் தொட்டுக் கோடு இழுத்தால் அது நான்காவது முள்ளெலும்பின் மேல் போகும். மயக்க மருத்துவர் ஊசிக்கு முன்னால் விரலால் தடவித் தேடுவது அந்த இடத்தைத்தான். குத்திய இடம் சில நாள் வலிக்கும். சிலருக்கு முதல் வாரத்தில், எழுந்து உட்கார்ந்தால் தலைவலி வரும். அவ்வளவுதான். எட்டு வருட வலிக்குத் தளர்ந்த வயிற்றுத் தசையையும், குனிந்து குனிந்து தூக்கியதையும் முதலில் சந்தேகப்படுங்கள். ஒரு பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள்.

வயது 38. எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் எல்4-எல்5 (நான்காவது, ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவில் உள்ள) ஜவ்வு பிதுங்கியிருப்பதாக இருக்கிறது. ஆபரேஷன் செய்யாவிட்டால் கால் விளங்காமல் போகுமா?

ரிப்போர்ட்டை மூடி வையுங்கள். வலியே இல்லாதவர்களுக்கு ஸ்கேன் எடுத்தாலும், 20 வயதுக்காரர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு இப்படிப் பிதுக்கம் தெரிகிறது. ஜவ்வு கொழுக்கட்டை மாதிரி: வெளியே கெட்டியான நார் வளையம், உள்ளே கூழ். வளையம் கிழிந்து கூழ் வெளியே வந்து நரம்பை அழுத்தினால்தான் வலி பின்தொடை வழியாகக் காலுக்கு இறங்கும். அப்படி இறங்கினாலும் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகத் தணிகிறது. பாதத்தைத் தூக்க முடியவில்லை, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போகிறது, சிறுநீர் கட்டுப்படவில்லை என்றால் மட்டும் அன்றைக்கே வர வேண்டும்.

நான்கு மாதக் குழந்தையின் உச்சிக்குழி துடிக்கிறது. எண்ணெய் வைத்தால் சீக்கிரம் மூடுமா?

துடிப்பது இயல்பு. பின்பக்கக் குழி இரண்டு மூன்று மாதத்தில் மூடிவிடும். உச்சியில் இருப்பது பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள். எண்ணெய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வயிற்றுப்போக்கில் குழி உள்வாங்கினாலோ, காய்ச்சலில் புடைத்து நின்றாலோ தாமதிக்காமல் காட்டுங்கள்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். முதுகெலும்பில் 33 எலும்பா, 26ஆ? மண்டை ஓட்டில்?

பிறக்கும்போது 33. வளர்ந்த பிறகு கீழே ஐந்து சேர்ந்து திரிகம் என்ற ஒரே எலும்பு, கடைசி நான்கு சேர்ந்து வால் எலும்பு, அதனால் 26. மண்டை ஓட்டில் 22: மூளைப் பெட்டிக்கு 8, முகத்துக்கு 14. காதுக்குள் இருக்கும் ஆறு குட்டி எலும்புகளைத் தனியாகத்தான் எண்ணுவார்கள், அங்கே ஏமாறாதீர்கள்.