அரசுத் தரப்பில் ஆஜரானால் பெயர் கெடுமா?

தம்பி, வேலூரில் அரசு பிளீடரிடம், அதாவது அரசுக்காக சிவில் வழக்குகளில் வாதாடும் வக்கீலிடம், ஜூனியராகச் சேர்ந்தால் 'போலீஸ் வக்கீல்' என்று பெயர் விழுமோ எனக் கேட்டிருந்தீர்கள். தயங்காமல் சேருங்கள்.

அரசு மீதோ, பதவி முறையில் செய்த செயலுக்காக அதிகாரி மீதோ சிவில் வழக்குப் போட, உரிமையியல் நடைமுறைச் சட்டம் 80-வது பிரிவுப்படி 2 மாத நோட்டீஸ் தர வேண்டும். அவசர வழக்கென்றால் மட்டும் நீதிமன்ற அனுமதியோடு விலக்கு. அந்த 2 மாதத்தில்தான் நல்ல வக்கீல் யாரென்று தெரியும். தாலுகா ஆபீஸ் கோப்பை வரவழைத்துப் படித்து, தவறு துறையுடையது என்றால் "கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடுங்கள்" என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். பலர் சொல்வதில்லை, அதுதான் எனக்கு வருத்தம்.

காவலருக்கு ஆஜரானால் முதலில் ஸ்டேஷனில் அன்றாடம் நடப்பதைப் பதிவு செய்யும் பொது நாட்குறிப்பைப் படியுங்கள், அப்புறம் அவர் சொல்வதைக் கேளுங்கள். அந்த நாட்குறிப்பைத் திருத்தித் தருகிறேன் என்று அவர் சொன்னால் கேஸ் கட்டை அன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.