‘ன்னு’ வரும் இடத்தில்தான் வழுக்கும்: ரிப்போர்டட் ஸ்பீச் கேள்வி பதில்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டு மாடியில் இங்கிலீஷ் டியூஷன் எடுக்கிறேன். ஒருவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே சொல்வது டைரக்ட், நம் வார்த்தையில் மாற்றிச் சொல்வது இன்டைரக்ட் அல்லது ரிப்போர்டட் ஸ்பீச். இதைப் பற்றிப் பிள்ளைகளும் பெரியவர்களும் கேட்டு அனுப்பியவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில். இங்கிலீஷ் வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். வாய்விட்டுப் படித்தால் சுலபமாகப் பிடிபடும்.

திருப்பாதிரிப்புலியூர், பத்தாம் வகுப்பு மாணவி: டீச்சர், ரூல்ஸ் எல்லாம் மனப்பாடம். ஆனா எழுதும்போது மட்டும் கோட்டை விட்டுடறேன். போன டெஸ்ட்ல ‘மை பிரதர் டோல்ட் தட் ஐ வில் கம் லேட்’னு எழுதி மார்க் போச்சு.

உன் தப்புக்குக் காரணம் ரூல் தெரியாதது இல்லைம்மா. அந்த வாக்கியத்தை நீ தமிழில் யோசித்திருக்கிறாய். “அண்ணன், நான் லேட்டா வருவேன்னு சொன்னான்.” இதில் ‘நான்’ யார் என்று அம்மா குழம்புவதில்லை. ‘ன்னு’ என்பது காதால் கேட்கும் மேற்கோள் குறி. அதற்கு முன்னால் வருவதெல்லாம் அண்ணன் வாயிலிருந்து வந்தபடியே நிற்கும். நீ அந்த ‘ன்னு’வுக்கு நேராக ‘தட்’டைக் கொண்டுபோய் வைத்துவிட்டாய். ‘தட்’டுக்கு அந்த வேலை தெரியாது. அதற்குப் பிறகு பேசுவது நீ, அண்ணன் இல்லை. அதனால் அங்கே ‘ஐ’ என்று எழுதினால் லேட்டாக வரப்போவது நீதான்!

தமிழிலும் இன்னொரு வழி இருக்கிறது. “அண்ணன், தான் தாமதமாக வருவதாகச் சொன்னான்.” தமிழ் வகுப்பில் இதைத்தான் அயற்கூற்று என்று படித்தாய். இன்று என்பது அன்று, நாளை என்பது மறுநாள், இங்கே என்பது அங்கே என்று மாற்றினாயே, அதே கணக்குதான். ஆகவே இங்கிலீஷ்காரர்கள் புதிதாக எதையும் உன் தலையில் கட்டவில்லை, ஒன்றைத் தவிர. தமிழில் ‘சொன்னான்’ இறந்த காலமாக இருந்தாலும் ‘வருவதாக’ அசையாமல் எதிர்காலத்திலேயே நிற்கிறது. இங்கிலீஷில் ‘செட்’ தன் பக்கத்து வினையையும் பின்னால் இழுத்துவிடும், ‘வில்’ என்பது ‘வுட்’ ஆகும். நீ புதிதாகப் பழக வேண்டியது இந்த இழுப்பு ஒன்றைத்தான்.

அப்புறம் அந்த ‘டோல்ட்’. யாரிடம் சொன்னான் என்று உடனே வர வேண்டும்: ‘மை பிரதர் டோல்ட் மீ தட் ஹீ வுட் கம் லேட்.’ ஆளைச் சொல்ல விருப்பமில்லை என்றால் ‘செட்’ போடு.

பண்ருட்டியிலிருந்து ஒரு அம்மா: டென்ஸ் மாற்றத்துக்குப் பையன் பெரிய அட்டவணை வச்சிருக்கான். அதை எப்படி மண்டையில ஏத்தறது?

அட்டவணையை மடித்து வையுங்கள். ஒரு படி பின்னால் போக வேண்டும், அவ்வளவுதான். நிகழ்காலம் இறந்த காலமாகும். இறந்த காலம் ‘ஹேட்’ வாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே ‘ஹேட்’ இருந்தால் அதற்குப் பின்னால் படியே கிடையாது, அங்கேயே உட்கார்ந்துவிடும். ‘கேன்’ என்பது ‘குட்’, ‘மே’ என்பது ‘மைட்’. ‘ஷுட்’, ‘குட்’, ‘மைட்’, ‘ஆட் டு’ நகராது. ‘மஸ்ட்’ மட்டும் இரண்டுங்கெட்டான்: ‘ஹேட் டு’ ஆக்கலாம், அப்படியே விட்டாலும் தப்பில்லை.

உங்கள் ஊர்ச் சரக்கையே வைத்துச் சொல்லிக் கொடுங்கள். வியாபாரி சொல்கிறார்: ‘ஐ சோல்ட் டென் ஜாக்ஃப்ரூட்ஸ் எஸ்டர்டே.’ பையன் எழுத வேண்டியது: ‘ஹீ செட் தட் ஹீ ஹேட் சோல்ட் டென் ஜாக்ஃப்ரூட்ஸ் தி டே பிஃபோர்.’ பேச்சில் இங்கிலீஷ்காரர்களே இந்த ‘ஹேட்’டைப் பல நேரம் விட்டுவிட்டு ‘சோல்ட்’ என்றே சொல்வார்கள், யாருக்கும் குழப்பம் வராது. பரீட்சையில் அந்தத் தாராளம் வேண்டாம்.

லாஸ்பேட்டை, பேங்க் எக்ஸாம் எழுதுபவர்: மேடம், ‘டுமாரோ’வை எப்பவும் ‘தி நெக்ஸ்ட் டே’ன்னு மாத்தியே ஆகணுமா?

எனக்குப் பிடித்த கேள்வி. புத்தகங்கள் ‘ஆமாம்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடும். உண்மையான பதில் வேறு: நீங்கள் எப்போது, எங்கே நின்று சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

தானே புயலை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். 2011 டிசம்பர் 30 காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையைக் கடந்தது. அதற்கு முந்தின நாள், 29-ஆம் தேதி, துறைமுகத்தில் ஒருவர் ‘தி சைக்லோன் வில் க்ராஸ் தி கோஸ்ட் டுமாரோ’ என்று சொல்லியிருந்தால்? அதே சாயங்காலம் நீங்கள் வீட்டுக்கு வந்து சொல்லும்போது நாளை என்பது இன்னும் நாளைதான், புயலும் வரவில்லை. ‘ஹீ செட் தட் தி சைக்லோன் வில் க்ராஸ் தி கோஸ்ட் டுமாரோ’ முழுக்கச் சரி. ‘வுட்’ போட்டாலும் சரிதான். அதையே இன்றைக்குச் சொல்வதானால் ‘டுமாரோ’ நாளைய தேதியைக் காட்டிவிடும், வீட்டில் எல்லோரும் மெழுகுவர்த்தி வாங்க ஓடுவார்கள். இப்போது ‘வுட்’டும் ‘தி நெக்ஸ்ட் டே’யும் கட்டாயம்.

இடத்துக்கும் இதே நியாயம். சில்வர் பீச்சில் கேட்டதைச் சில்வர் பீச்சிலேயே நின்று சொன்னால் ‘ஹியர்’ ஏன் ‘தேர்’ ஆக வேண்டும்? தேர்வுத் தாள் எப்போது, எங்கே என்று சொல்லாது, அதனால் அங்கே எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். ஆபீஸ் மெயிலில் மட்டும் யோசித்து மாற்றுங்கள்.

கடலூர் முதுநகர், ஒன்பதாம் வகுப்பு: ‘தி சன் ரைசஸ் இன் தி ஈஸ்ட்’ ஏன் மாறாது?

நாளைக் காலையும் சூரியன் நம் கடலிலிருந்துதான் எழும்பப் போகிறது. என்றைக்கும் உண்மையானதை இறந்த காலத்துக்குத் தள்ள வேண்டாம். சொன்ன வினை ‘செஸ்’ என்று நிகழ்காலத்தில் இருந்தாலும் உள்ளே காலம் மாறாது.

புதுச்சேரி, பணி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர்: நான் அந்தக் காலத்துல பிரெஞ்சு படிச்சவன். பேத்திக்கு இங்கிலீஷ்ல இதைச் சொல்லிக் கொடுக்கலாமா, இல்ல குழப்பிடுவேனா?

தாராளமாகச் சொல்லிக் கொடுங்கள் ஐயா, பாதி வேலை உங்களிடம் முடிந்தே இருக்கிறது. ‘இல் அ தி கீல் எதே ஃபதிகே’ (தான் களைப்பாக இருப்பதாகச் சொன்னான்) என்பதில் ‘எ’ என்பது ‘எதே’ ஆனதே, ‘ஈஸ்’ என்பது ‘வாஸ்’ ஆவதும் அதுதான். ஆமாம் இல்லை கேள்விக்கு நீங்கள் போடும் ‘ஸி’தான் இங்கே ‘இஃப்’. கட்டளைக்கு நீங்கள் ‘து’ போட்டு வினையை முழு வடிவில் வைப்பீர்கள், இங்கே ‘டு’ போடுகிறோம். இரண்டு வித்தியாசம் மட்டும் பேத்திக்குச் சொல்லுங்கள். பிரெஞ்சில் ‘தட்’டுக்கு ஈடான ‘க’வை விட முடியாது, இங்கிலீஷில் ‘தட்’டை விட்டுவிட்டு ‘ஹீ செட் ஹீ வாஸ் டயர்ட்’ என்று சொல்லலாம். ‘இஃப்’ தவிர ‘வெதர்’ என்று இன்னொன்றும் உண்டு. அது அடுத்த பதிலில்.

சிப்காட்டில் வேலை பார்க்கும் தம்பி: ‘மேனேஜர் ஆஸ்க்ட் மீ தட் வேர் ஆர் யூ கோயிங்’னு மெயில் போட்டேன். ஆபீஸ்ல சிரிச்சுட்டாங்க.

மறுபடியும் அந்த ‘ன்னு’தான். “எங்கே போறீங்கன்னு கேட்டார்.” கேள்விச் சொல் இருந்தால் ‘தட்’டுக்கு வேலையே இல்லை, ‘வேர்’ ஒன்றே இரண்டு பக்கத்தையும் கட்டிவிடும். இரண்டாவது, இப்போது நீங்கள் கேள்வி கேட்கவில்லை, கேட்டார் என்று செய்தி சொல்கிறீர்கள். அதனால் வரிசை சாதாரண வாக்கியமாகத் திரும்பிவிடும்: ‘மை மேனேஜர் ஆஸ்க்ட் மீ வேர் ஐ வாஸ் கோயிங்.’ ‘டூ’, ‘டிட்’ எல்லாம் காணாமல் போகும், கேள்விக்குறியும் போகும்.

ஆமாம் அல்லது இல்லை என்று பதில் வரும் கேள்வி என்றால் ‘இஃப்’ அல்லது ‘வெதர்’. ‘டூ யூ லைக் ஃபிஷ்?’ என்பது ‘ஷி ஆஸ்க்ட் ஹிம் இஃப் ஹீ லைக்ட் ஃபிஷ்’. பெரும்பாலும் எது போட்டாலும் சரி. ஆனால் ‘டு’வுக்கு முன்னால் ‘வெதர்’ மட்டும்தான் நிற்கும்: ‘ஐ டோன்ட் நோ வெதர் டு கோ.’ சிரித்தவர்களை விடுங்கள். அவர்களில் பாதிப் பேர் இதே தப்பைப் பேச்சில் செய்பவர்களாக இருப்பார்கள்.

புதுச்சேரியில் நர்ஸாக இருக்கும் ஒரு பெண்: டாக்டர் சொன்னதை ரிப்போர்ட்ல எழுதணும். ‘டோன்ட் கிவ் ஹிம் வாட்டர்’ன்னார். ‘டாக்டர் டிடன்ட் டெல் மீ டு கிவ் வாட்டர்’ சரியா?

இல்லை, ஆபத்து! நீங்கள் எழுதியதற்கு “தண்ணீர் கொடுக்கச் சொல்லலை” என்று அர்த்தம். அதாவது டாக்டர் அதைப் பற்றிப் பேசவே இல்லை என்றும் ஆகும். அடுத்த ஷிஃப்ட்டில் வருபவர் கொடுத்துவிட்டால்? “கொடுக்க வேண்டாம்னு சொன்னார்” என்பதற்கு: ‘தி டாக்டர் டோல்ட் மீ நாட் டு கிவ் ஹிம் வாட்டர்.’ ‘நாட்’ என்பது ‘டு’வுக்கு முன்னால் வரட்டும்.

பொதுவாகத் தமிழில் “போகச் சொன்னார்”, “உட்காரச் சொன்னார்” என்று வரும் இடமெல்லாம் இங்கிலீஷில் ‘டோல்ட்’, அப்புறம் ஆள், அப்புறம் ‘டு’. கெஞ்சினால் ‘ரிக்வெஸ்டட்’, அறிவுரை என்றால் ‘அட்வைஸ்ட்’, எச்சரித்தால் ‘வார்ன்ட்’. ‘சஜெஸ்டட்’ மட்டும் இந்தக் கூட்டத்தில் சேராது. ‘ஹீ சஜெஸ்டட் மீ டு கோ’ என்று நம் ஊரில் சரளமாகச் சொல்கிறோம், அது தப்பு. ‘ஹீ சஜெஸ்டட் தட் ஐ ஷுட் கோ.’

நெல்லிக்குப்பம், பதினொன்றாம் வகுப்பு: ஆச்சரிய வாக்கியத்தை மாத்தும்போது எழுதற ‘எக்ஸ்க்ளெய்ம்ட் வித் ஜாய்’ எல்லாம் நிஜத்துல யாராவது பேசுவாங்களா மிஸ்?

மாட்டார்கள். மார்க்குக்காக எழுது.

முதலில் கேட்ட அதே மாணவி: தேங்க்ஸ் டீச்சர். வீட்டுல எப்படிப் பழகறது?

அம்மா அனுப்பும் வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் ஒன்றைக் கேள். அதில் இருப்பதைத் தம்பிக்கு இங்கிலீஷில் சொல். கொத்தமல்லி வாங்கச் சொன்னார், அப்பா வந்துவிட்டாரா என்று கேட்டார், மாலை வர நேரமாகும் என்றார். கட்டளை, கேள்வி, செய்தி மூன்றும் ஒரே மெசேஜில் கிடைக்கும். காசு கொடுத்து கைடு வாங்க வேண்டாம்.

அதே மாணவி: ஓகே டீச்சர். தம்பிகிட்ட இப்பவே சொல்லிட்டேன்: ‘டீச்சர் டோல்ட் தட் வீ ஷுட் ப்ராக்டிஸ் அட் ஹோம்.’

‘வுட்’ போடாமல் ‘ஷுட்’டை அப்படியே விட்டாய், அது சரி. ‘டோல்ட்’ யாரிடம்?