பழைய விலங்குப் படங்கள்: கேள்வி பதில்

பாம்பனிலிருந்து ஒருவர்: அண்ணே, முதுகிலும் ஒரு குட்டிக் கொம்போடு பழைய காண்டாமிருகப் படம் ஒன்று பார்த்தேன். அப்படி ஒரு மிருகம் இருந்ததா?

இல்லை தம்பி. அது ஜெர்மானிய ஓவியர் ட்யூரர் 1515-இல் மரக்கட்டை அச்சில் போட்டது. குஜராத் சுல்தான் கொடுத்து, லிஸ்பனுக்குக் கப்பலேறிய மிருகம். ட்யூரர் அதைக் கண்ணால் பார்க்கவே இல்லை. வந்த கடிதத்தையும் ஒரு கோட்டுப் படத்தையும் வைத்து வரைந்தார். தோல் மடிப்பு இரும்புக் கவசமாகிவிட்டது. இருநூறு வருஷத்துக்கு மேல் ஐரோப்பா அதையே நம்பியது.

கீழக்கரை: பழைய மீன் புத்தகம் ஒன்றில் கடல்கன்னிப் படம் பார்த்தேன். அது எப்படி வந்தது?

1719-இல் ஆம்ஸ்டர்டாமில் ரெனார் வெளியிட்ட புத்தகம் அது. படங்கள் இன்றைய இந்தோனேசியாவின் அம்போன் தீவில் ஃபல்லூர் வரைந்தவை. ஆவுளியாதான் (கடல்பசு) அப்படிக் கன்னியாகியிருக்கும் என்பது பலர் கணிப்பு.

தங்கச்சிமடம்: நம்ம பக்கத்து மீன்களை யார் வரைந்தார்கள்?

இதைத்தான் எதிர்பார்த்தேன். தரங்கம்பாடியில் இருந்த ஜான் என்ற பாதிரியார் மீன்களைப் பதப்படுத்தி பெர்லினில் இருந்த மீன் ஆய்வாளர் புளோக்குக்கு அனுப்பினார். நாம் குழம்பு வைக்கும் கத்தாளை மீனில் பல வகைக்கு ஜானியஸ் என்ற அறிவியல் பெயர் அவர் நினைவாக வந்ததுதான். புளோக்கின் அச்சுப் படங்களில் செதில் மின்ன வெள்ளிப்பூச்சே பூசினார்கள். பிரதியைச் சாய்த்துப் பிடித்தால் இன்றும் பளிச்சிடும்! ஆனாலும் சாராயத்தில் ஊறி வந்த மீனுக்கு உண்மை நிறம் ஏது? அதனால் எனக்கு ஸ்காட்லாந்து மருத்துவர் ரஸ்ஸல்தான் ஒரு படி மேல். விசாகப்பட்டினத்தில் சேகரித்த இருநூறு மீன்களை 1803-இல் புத்தகமாக்கினார். அங்கே வழங்கிய தெலுங்குப் பெயர்களையே படத்துக்கு வைத்தார். வரைந்தவர் உள்ளூர் ஓவியர். முகப்புப் பக்கத்தில் ரஸ்ஸலின் பெயர் இருக்கிறது, அந்த ஓவியரின் பெயர் இல்லை. எனக்கு இது பெரிய மனக்குறை.

மண்டபம்: அண்ணா, புதுமீனைப் பார்த்து வரைந்ததா, ஜாடி மீனைப் பார்த்தா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் கண்ணைப் பாரும்மா. ஜாடியில் கிடந்ததற்குக் கருவிழி வெளுத்துப் பால் படிந்திருக்கும். அப்புறம் நிறம். வலையிலிருந்து எடுத்த கிளிமீனின் பச்சையும் நீலமும் ஊதாவும் கரைக்கு வருவதற்குள்ளேயே மங்குவதை நீயே பார்த்திருப்பாய். சாராயம் மிச்சத்தையும் உறிஞ்சிவிடும். படத்தில் மீன் ஒரே பழுப்பாக இருந்தால் சந்தேகப்படு. செவுளோரம் லேசான சிவப்பு, விரிந்த முதுகுத் துடுப்பு இரண்டும் இருந்தால், பெரும்பாலும் புதுமீன்தான்.

ஏர்வாடி: இதெல்லாம் பார்க்க லண்டனுக்கா போகணும்?

வேண்டாம். பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி இணையதளத்தில் புளோக், ரஸ்ஸல் இரண்டுமே இலவசம். சரபோஜி மன்னர் வரைவித்த விலங்கு, பறவைப் படங்களுக்குத் தஞ்சாவூர் சரஸ்வதி மகால் போங்கள்.